தயிருக்குப் பொறுமை கிடையாது

வணக்கம் ஐயா,

கடந்த ஜூனில் மதுரையிலிருந்து ஓசூருக்குக் குடிவந்தோம். கணவருக்கு இங்கே ஆலையில் வேலை, மூன்று ஷிப்டும் மாறிமாறி வரும். மகன் இரண்டாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். மதுரையில் ஒன்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன், அதை விட்டுவிட்டு வந்தேன்.

மனது ஒருமாதிரி இருக்கிறது என்று சொன்னபோது தோழி ஒருத்தி நன்றி நோட்டு எழுதச் சொன்னாள். தினமும் படுக்கும் முன் அன்றைக்குக் கிடைத்த மூன்று நல்ல விஷயங்கள், அவற்றிலிருந்து கற்ற ஒரு பாடம். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஆறு மாதமாகிறது. புரட்டிப் பார்த்தால் காபி, மழை, மகனின் சிரிப்பு, மறுபடி காபி. பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியதுபோல இருக்கிறது.

போன வாரம் ஒருநாள், ‘தயிர் உறைவதைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதினேன். எழுதிய மறுநாளிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து தயிர் உறையவில்லை. பால் பாலாகவே இருந்தது. மாமியார், ‘எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்’ என்றார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அன்றைக்கு நோட்டில் எதுவும் எழுதவில்லை.

அன்றாட அனுபவங்கள் உண்மையிலேயே நமக்குப் பாடம் சொல்கின்றனவா, நாமாக ஏற்றிச் சொல்கிறோமா? இப்படித் தினமும் நன்றி எழுதுவது போலித்தனமா? நேர்மறையாகச் சிந்திக்க என்ன செய்யலாம்? நல்ல புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

எஸ்.
ஓசூர்

அன்புள்ள எஸ்,

புத்தகக் கேள்வியை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். இப்போதைக்குப் புத்தகம் வேண்டாம். நேர்மறைச் சிந்தனை பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்துத் திருப்திப்படுகிற வேலை அது. பாடம் சொல்கிறதா, ஏற்றிச் சொல்கிறோமா என்றால், பெரும்பாலும் ஏற்றித்தான் சொல்கிறோம். இந்தக் கணக்கு முடிந்தது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்களுடைய அந்த ஒரு வரிக்காக. ‘தயிர் உறைவதைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொண்டேன்.’ படித்ததும் கோபம் வந்தது. உங்கள்மேல் கொஞ்சம், இப்படி எழுதப் பழக்கிவிட்டவர்கள்மேல் நிறைய. ஏனென்றால் நீங்கள் தயிர் உறைவதைப் பார்க்கவில்லை, அம்மா. இரவு பிரை ஊற்றி மூடினீர்கள், தூங்கினீர்கள், காலையில் திறந்தீர்கள். நடுவே எட்டு மணி நேரம் நடந்தது எதுவென்று தெரியாமலே அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிவிட்டீர்கள்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நல்ல தயிர் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும். ஒரு டீஸ்பூன் பிரையை வெதுவெதுப்பான அரை லிட்டர் பாலில் கலந்ததும் அவை பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையின்மேல் பாய்கின்றன. ஏற்ற சூடு கிடைத்தால் அரை மணி முதல் ஒரு மணிக்குள் ஒன்று இரண்டாகிவிடும். பத்துமுறை இரட்டித்தால் ஒன்று 1,024. சர்க்கரையைத் தின்று அவை லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. பாலின் பிஹெச் எண் 6.6, 6.7 என்ற இடத்திலிருந்து சரியத் தொடங்குகிறது. எண் சரிந்தால் புளிப்பு ஏறுகிறது என்று பொருள். அந்தப் புளிப்பில், பாலைக் கெடுக்க வந்த வேறு கிருமிகள் பல தலையெடுக்க முடியாமல் போகின்றன. விடிய விடிய விட்டால் கடைசியில் இவையே தம்முடைய அமிலத்தில் தாமே திணறி நின்றுவிடும்.

இதில் பொறுமை எங்கே இருக்கிறது? சட்டிக்குள் இரவு முழுக்க அடிதடி. பாடம் எழுதியே தீரவேண்டும் என்றால் நேர்மையாக இப்படித்தான் எழுத வேண்டும்: ‘முந்திக்கொள். இருக்கிற சர்க்கரையைத் தின்று தீர். அமிலத்தைக் கக்கி அடுத்தவனை வாழவிடாதே.’ எழுதுவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் நீங்கள் தயிரிடம் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே கையில் வைத்திருந்த ஒரு நல்ல சொல்லை அதன் தலையில் கட்டினீர்கள். பொருளைப் பார்க்கும் முன்பே பாடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இந்த அவசரம்தான் என் சண்டை.

சட்டிக்குள் இன்னொன்றும் நடக்கிறது, உங்கள் நோட்டில் இடம்பெற வேண்டியது அதுதான். 100 கிராம் பாலில் ஏறத்தாழ 87 கிராம் தண்ணீர். புரதம் மூன்றேகால் கிராம் சொச்சம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் என்ற வகை. கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளாக அது பாலில் மிதக்கிறது. உருண்டைகள் எல்லாவற்றின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விலகியே இருக்கும். புளிப்பு ஏற ஏற அந்த ஏற்றம் குறைகிறது. பிஹெச் 4.6-ஐ நெருங்கும்போது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, ஒட்டிக்கொள்கின்றன. சங்கிலி சங்கிலியாக ஒட்டிச் சட்டி முழுதும் ஒரு வலை விழுகிறது. அந்த 87 பங்கு தண்ணீரும் வலையில் மாட்டி நிற்பதைத்தான் நாம் கெட்டித் தயிர் என்கிறோம். கரண்டியால் வெட்டி எடுத்தால் நிற்கிறதே, அது கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். மூன்று கிராம் புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி ஒரு கரண்டி வெட்டிப் பாருங்கள். பாடம் எதுவும் வேண்டியிருக்காது.

சில நாட்களாக நன்றி என்ற சொல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இன்று நன்றி என்றால் வாயால் சொல்கிற ஒன்று. பஸ்ஸில் இடம் விட்டவருக்குச் சொல்கிறோம், மேடையில் நன்றியுரை ஆற்றுகிறோம். குறளில் அந்தச் சொல் இருக்கிற இடம் வேறு. அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்றால் நன்மையை மறப்பது நல்லதில்லை என்று பொருள். அதனால்தான் 11-ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். சொல்லுதல் என்று இல்லை, உணர்தல் என்றுகூட இல்லை, அறிதல். இனிமையாகப் பேசுவதற்கு இனியவை கூறல் என்று முந்தின அதிகாரம் தனியாகவே இருக்கிறது. அங்கே கூறல், இங்கே அறிதல். தினையளவு செய்ததைப் பனையளவாகக் கொள்பவர் யார் என்று 104-ஆம் குறள் சொல்லும்போதும் நல்லவர், பணிவானவர் என்றெல்லாம் சொல்லவில்லை. ‘பயன்தெரி வார்’ என்கிறது. பயன் தெரிய வேண்டும். தெரியாதவனுக்குத் தினை தினைதான்.

ஒன்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்திருக்கிறீர்கள். வவுச்சர் இல்லாத ஒரு என்ட்ரியை விட்டுவைத்திருப்பீர்களா? ‘இதர செலவுகள்’ என்று ஒரே தலைப்பில் மொத்தத்தையும் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தால் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். நன்றி நோட்டில் மட்டும் ‘காபி, மழை, சிரிப்பு’ எப்படிச் செல்லுபடியாகும்? யார் செய்தது, எவ்வளவு, எப்போது, எந்தக் கை வழியாக வந்தது, எதுவுமில்லை. உங்களுக்கு அலுத்துப்போனதில் வியப்பே இல்லை. போலித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். என்ட்ரி முழுமையாக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, தினமும் எழுதச் சொன்னது யார்? இந்த வழக்கத்துக்குப் பெரிய விளம்பரம் தேடித்தந்தது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. அதன் முதல் பகுதியில் கல்லூரி மாணவர்கள் எழுதியது வாரம் ஒருமுறை, அதிகம் போனால் 5 விஷயம், மொத்தம் 10 வாரம். தினமும் எழுதச் சொன்ன பகுதிகள் இரண்டு, மூன்று வாரங்களோடு முடிந்துவிட்டன. ஆறு மாதம் தினசரி, கூடவே ஒரு பாடம் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்ட வட்டி.

மாமியார் சொன்ன கைராசிக்கு வருவோம். அந்தப் பேச்சில் ஒரு குத்தல் இருந்திருக்கலாம், அதற்கு நான் பஞ்சாயத்து செய்ய முடியாது. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பல வருடம் பிரை ஊற்றிய விரல் பாலைத் தொட்டதும் சூடு தெரிந்துவிடும். இன்றைக்குக் குளிர், கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊற்று, பிரையை அரைக் கரண்டி ஏற்று என்று கையே கணக்குப் போட்டுவிடும். அதை வாயால் சொல்லத் தெரியாதபோது ராசி என்கிறார்கள். அவரிடம் போய், ‘எந்தச் சூட்டில் ஊற்றுவீங்க அத்தை, விரலை விட்டுக் காட்டுங்க’ என்று கேளுங்கள். ஒருவேளை அவர் கையும் மதுரைக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஓசூர்க் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று நாள் உறையாததற்கு என் ஊகம் அதுதான், ஊர் மாறிவிட்டது. மதுரைச் சமையலறை மார்கழியிலும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆறின பாலில் பிரையை விட்டு மேடையில் வைத்தாலும் காலையில் தயிர். ஓசூரில் டிசம்பர் இரவு சமையலறை 18, 20 என்று இறங்கும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லிட்டர் பால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சூட்டை முழுதும் விட்டுவிடும். பாக்டீரியா சாகவில்லை, சுருண்டு கிடக்கிறது. பத்துமுறை இரட்டிக்க வேண்டியது மூன்று முறையோடு நிற்கிறது. நீங்கள் காலையில் பார்த்த இனிப்பான, வாடையில்லாத பால் அதுதான். அதைக் கொட்டியிருந்தால் தப்பு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி மூடி வைத்திருந்தால் மதியத்துக்குள் உறைந்திருக்கும்.

ஆனால் ஊகத்தை நம்பி அடுத்த நோட்டு எழுதாதீர்கள். உறையாததற்கும், உறைந்தும் கெட்டிப்படாததற்கும் வேறு காரணங்களும் உண்டு.

பால் காய்ச்சியது போதாமல் இருக்கலாம். பாக்கெட் பால் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிரவைத்தது. குடிக்க அது போதும், தயிருக்குப் போதாது. பொங்கி வந்ததும் அடுப்பைக் குறைத்து இன்னும் 5 முதல் 10 நிமிடம், அவ்வப்போது கிளறி, காய்ச்ச வேண்டும். 85 டிகிரிக்கு மேல் சில நிமிடம் நின்றால்தான் பாலில் கேசின் போக மீதமுள்ள மோர்ப்புரதம் விரிந்து கேசின் உருண்டைகளில் ஒட்டும். வலைக்கு அது கூடுதல் முடிச்சு. இதைச் செய்யாவிட்டால் உறையாமல் போகாது, தொளதொளவென்று உறைந்து காலையிலேயே தண்ணீர் விடும்.

பால் வகையும் உண்டு. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்தில் தயிர் மெலிசாகத்தான் வரும். அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் கரைத்துக் காய்ச்சினால் ஈடுகட்டலாம்.

பிரை செத்திருக்கலாம். கொதி அடங்காத பாலில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு வாரமாக ஃபிரிட்ஜின் மூலையில் புளித்துக் கிடந்த தயிரிலும் தெம்பு இருக்காது. புளிப்பு அதிகமென்றால் பிரையும் வீரியமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறானது. நேற்று உறைந்து, அதிகம் புளிக்கும் முன் ஃபிரிட்ஜில் ஏறிய தயிர்தான் நல்ல பிரை. அளவும் அப்படித்தான். உறையவில்லை என்று மறுநாள் ஒரு குழிக்கரண்டி ஊற்றுகிறார்கள். அவசரமாகப் புளித்து, திப்பி திப்பியாகத் திரிந்து, மேலே தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், குளிரில் இரண்டு. அதற்குமேல் வேண்டாம். கட்டியில்லாமல் அடித்து, ஊற்றி, இரண்டு மூன்று முறை பாத்திரம் மாற்றி ஆற்றினால் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும்.

கடைசிக் காரணம் பலருக்கும் தெரியாதது. வீட்டில் மாடு வைத்திருப்பவரிடம் பால் வாங்குகிறீர்களா? மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்கள் விற்கக் கூடாது. விற்றால், அந்த மருந்துக்கு எது நோய்க்கிருமி எது தயிர்க்கிருமி என்று தெரியாது. நீங்கள் என்ன சூட்டில் ஊற்றினாலும் உறையாது. பால் திரியாமலிருக்கச் சோடா மாவு கலந்திருந்தாலும் உறைவது தள்ளிப்போகும், அமிலம் முதலில் சோடாவைத் தின்று தீர்க்க வேண்டுமே.

ஆக, மூன்று சந்தேகம்: சூடு, பிரை, பால். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. நாலு டம்ளர் எடுங்கள். நன்றாகக் காய்ச்சி இளஞ்சூட்டில் ஆறிய பால், டம்ளருக்கு 100 மில்லி. பிரை அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக.

முதல் டம்ளர்: இப்போது வாங்கும் பால், உங்கள் பிரை, வழக்கமான இடத்தில் திறந்த மேடையில். இரண்டாவது: அதே பால், அதே பிரை, ஆனால் கதகதப்பில். மூன்றாவது: அதே பால், பக்கத்து வீட்டுப் பிரை, கதகதப்பில். நாலாவது: வேறு பால், உங்கள் பிரை, கதகதப்பில்.

இரண்டாவது உறைந்து முதலாவது உறையாவிட்டால் குற்றவாளி குளிர். இரண்டாவது உறையாமல் மூன்றாவது உறைந்தால் பிரை. இரண்டும் மூன்றும் உறையாமல் நாலாவது மட்டும் உறைந்தால் பால்காரரிடம் மாட்டைப் பற்றி விசாரியுங்கள், சண்டையாக இல்லாமல்.

கதகதப்பு என்று நான் சொல்வதற்கு மெஷின் எதுவும் தேவையில்லை. டம்ளர்களைத் தட்டால் மூடி, துணியில் சுற்றி, இட்லிக்கு வாங்கிய பெரிய ஹாட்பாக்ஸில் வையுங்கள். அல்லது அரிசி டிரம்முக்குள் அரிசியில் கழுத்துவரை புதைத்து வையுங்கள். தானியம் சூட்டை எளிதில் வெளியே விடாது. மண்சட்டி மேல் ஆசையிருந்தால் சித்திரைக்குத் தள்ளிப்போடுங்கள். அது நுண்துளை வழியே நீரைக் கசியவிட்டுத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். வெயிலில் அதனால்தான் தயிர் கெட்டியாகவும் புளிக்காமலும் வருகிறது. உங்கள் ஊர் மார்கழியில் அதே குணம் எதிரியாகிவிடும்.

சூடு எவ்வளவு என்று கேட்பீர்கள். 40, 42 டிகிரி. உங்கள் உடம்பு 37. சுத்தமான சுண்டுவிரலைப் பாலில் விட்டால் சூடு இருப்பது தெரிய வேண்டும், பத்து எண்ணும்வரை எடுக்கத் தோன்றக் கூடாது. எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆறட்டும். சூடே தெரியாவிட்டால் ஆறிப்போய்விட்டது, மறுபடி லேசாக அடுப்பில் காட்டுங்கள்.

வைத்தபின் ஆட்டக் கூடாது, உறைந்ததா என்று பாதியில் கரண்டி விட்டுப் பார்க்கவும் கூடாது. வலை பாதி விழுந்திருக்கும், அறுந்தால் அறுந்ததுதான். பாத்திரத்தை லேசாகச் சாய்த்தால் ஓரத்திலிருந்து ஒரே துண்டாக விலகும், அப்போது உடனே ஃபிரிட்ஜ். இன்னும் நாலு மணி நேரத்தில் இறுகும். வெட்டின குழியில் ஊறும் மஞ்சள் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய ஆகும். நூல் நூலாக, வெண்டைக்காய் போலக் கொழகொழத்தால் பிரையில் வேறு இனம் மேலோங்கிவிட்டது. குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்தால் இப்படி ஆகும். பிரையை மாற்றிவிடுங்கள். பிரையே கிடைக்காவிட்டால் காய்ந்த மிளகாய்க் காம்பு நாலைந்து. காம்பில் ஒட்டியிருக்கும் கிருமிகள் போதும். முதல் ஈடு நீர்த்துத்தான் வரும், அதை எடுத்து இரண்டாம் ஈடு ஊற்ற வேண்டும்.

இவ்வளவு ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். ‘பாலுக்கு நன்றி’ என்று நோட்டில் ஒரு வரி இருக்கிறதா? இருக்கும். அதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒரு லிட்டர் பால் சுரக்க மாட்டின் மடி வழியே ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. கன்று போட்டால்தான் பால், ஒரு ஈற்றுக்கு ஏறத்தாழ 305 நாள், அடுத்த கன்றுக்கு முன் 60 நாள் ஓய்வு. அந்த 305 நாளும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை கறக்க வேண்டும். தீபாவளியும் பொங்கலும் மாட்டுக்குத் தெரியாது. இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண், தங்கை கல்யாணத்துக்குப் போனாலும் சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் யாரிடமாவது கெஞ்சி விட்டுவிட்டு வர வேண்டும். கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனால் கொழுப்பும் இதர சத்தும் பார்த்து அதற்கேற்ப விலை போடுவார்கள். மழைக்காலத்தில் மாடு பசும்புல்லாக மேய்ந்து பால் நீர்த்தால் விலையும் இறங்கும். பிறகு குளிர்விக்கும் நிலையம், 4 டிகிரி, டேங்கர், ஆலை, பாக்கெட், விடிகாலை நாலு மணிக்கு டப் இறக்கும் பையன். இதில் யாருக்கு நன்றி? எல்லாருக்கும் என்று எழுதினால் யாருக்கும் இல்லை. ஒருத்தரை எடுங்கள். அவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். இனிய, அருமையான, அழகான என்று எந்த அடைமொழியும் வேண்டாம். வாரம் ஒருமுறை போதும். வவுச்சரோடு ஒரு என்ட்ரி.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்பது வருட வேலையை விட்டுவந்ததை அரை வரியில் எழுதிவிட்டு உடனே நோட்டுக்குத் தாவிவிட்டீர்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் இவ்வளவு பெரிய தொகையை அடிக்குறிப்பில் போடமாட்டார். தயிர் உறையாததற்கா அழுதீர்கள்? அந்த வேலைக்குப் பாடம் எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், நன்றியும் எழுத வேண்டாம். இருக்கிறதற்குச் சந்தோஷப்படு, குறை சொல்லாதே என்று பெண்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் நன்றியைத்தான் மருந்தாக ஊட்டுகிறார்கள். வாயடைக்க வசதியான மருந்து. நட்டம் நட்டம்தான், அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதலாம். நோட்டு கிழிந்துவிடாது. எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள், இரவு ஷிப்ட் இல்லாத ஒரு நாளில். ஓசூரில் இத்தனை ஆலைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் கணக்குப் பிரிவு உண்டு.

இன்றைக்கு அரை லிட்டர் பச்சைப் பாக்கெட் வாங்குங்கள். இப்போது வாங்குவதும் அதே என்றால் நாலாவது டம்ளருக்கு வேறு ஏதாவது. பக்கத்து வீட்டில் போய்ப் பிரை கேளுங்கள். ஆறு மாதமாகியும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரவு எட்டு மணிக்குள் ஊற்றிவிடுங்கள், தூங்கும் முன் திறந்து பார்க்காதீர்கள். டம்ளர்களில் எண் எழுதி ஒட்ட மறக்க வேண்டாம், காலையில் எது எது என்று குழம்பும். மகனையும் ஒட்டச் சொல்லலாம், இரண்டாம் வகுப்புக்கு நாலுவரை எழுத வரும்.

எந்த டம்ளர் உறைந்தது என்று எழுதுங்கள்.